இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்காதீர்கள், பிரியுங்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டேன். தலையணை துவைக்கும் முறை என்று எங்கேயோ படித்திருந்தேன்: இரண்டு இரண்டாகப் போடு, சோப்பைக் குறை, இரண்டு தடவை அலசு, நன்றாகப் பிழி, வெயிலில் காயவை. வரி தவறாமல் செய்தேன். அந்த முறை இறகுத் தலையணைக்குச் சொன்னது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

மெஷின் நின்று கதவைத் திறந்தால், ஒரு தலையணை தையல் விட்டு டிரம் முழுக்க வெள்ளைப் பிசிறு. இன்னொன்று பார்க்க முழுசாகத்தான் இருந்தது. கையில் தூக்கியதும் உறைக்குள் நாலைந்து கொழுக்கட்டை உருண்டது. மொட்டைமாடியில் நான்கு நாள் போட்டும் அந்தக் கொழுக்கட்டைகளின் நடுவில் இருந்த ஈரம் போகவில்லை. ஐந்தாம் நாள் நாற ஆரம்பித்தது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பஞ்சைப் போயி யாராவது குளிப்பாட்டுவாங்களாடா?"

அம்மா பிறந்தது தேனிப் பக்கம். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பஞ்சு வேலை தண்ணி பட்ட பாடு. அன்றைக்கு அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும், அதற்கப்புறம் வருஷா வருஷம் நானே செய்து தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதும்தான் இது. முதல் தடவை செய்கிறவருக்கு ஒரு தலையணைக்கு இரண்டு மணி நேரம் கைவேலை இருக்கும். மீதி இரண்டு நாள் வெயிலின் வேலை.

தண்ணீர் ஏன் ஆகாது

இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரு குட்டிக் குழாய். சுவர் மிக மெலிசு, உள்ளே முழுக்கக் காற்று, மேலே லேசான மெழுகுப் பூச்சு. தலையணை மெத்தென்று இருப்பதற்கும் வெயில் காலத்தில் தலை அவ்வளவாகக் கொதிக்காததற்கும் அந்தக் காற்றுதான் காரணம். ஒரு பிடி பஞ்சைத் தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பலில் போகிறவர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஜாவாவிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகும்.

நனையாத பஞ்சைத் துவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். வெறும் தண்ணீருக்கு மசியாத மெழுகு சோப்புத் தண்ணீருக்கு வழிவிட்டுவிடுகிறது. தண்ணீர் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டால் சுலபத்தில் வெளியே வராது. போதாததற்கு, பருத்தி இழைக்கு இருக்கிற முறுக்கு இதற்குக் கிடையாது. வழுவழுவென்று, ஒடிசலாக இருக்கும். இதைத் தனியாக நூலாக நூற்பது கஷ்டம் என்பதற்கும் அதுதான் காரணம். மெஷின் போட்டுச் சுழற்றும்போது குழாய்கள் நசுங்குகின்றன, ஒடிகின்றன. நசுங்கினது மறுபடி உப்பாது.

மெழுகுக்கு இன்னொரு குணம் உண்டு. தண்ணீரை அண்டவிடாத அது எண்ணெயைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். கடலில் கொட்டிப்போன எண்ணெயை உறிஞ்ச இலவம்பஞ்சு உதவுமா என்று ஆய்வுகளே நடந்திருக்கின்றன. நம் வீட்டில் அந்த ஆய்வு தினமும் ராத்திரி நடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவின தலையை நேராகத் தலையணையில் வைக்கிறோம். வியர்வைகூட வெயில் பட்டால் போய்விடும். எண்ணெய் போகாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தலையணை பாழாவது பெரும்பாலும் அழுக்கால் இல்லை, எண்ணெயால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகிற பல விஷயம் தானாகவே விளங்கும்.

எப்போது பிரிக்கலாம்

தலையணையை நடுவில் மடித்து விட்டுப் பாருங்கள். மெதுவாகவாவது விரிந்துகொண்டால் இன்னும் உயிர் இருக்கிறது; வெறும் வெயில் காட்டினாலே போதும். மடித்தது மடித்தபடியே கிடந்தால் பிரிக்க வேண்டிய நேரம். கையால் அமுக்கும்போது உள்ளே கட்டி தட்டுப்பட்டாலும் சரி, முகத்தை வைத்ததும் மூக்கு அரித்தாலும் சரி, பிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை.

மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். வெயில் காயும், காற்றில் ஈரம் குறைவு. பங்குனி, சித்திரையில்தான் இலவங்காயும் மரத்தில் வெடிக்கும், புதுப் பஞ்சும் கிடைக்கும். இலவு காத்த கிளி ஏமாந்து பறக்கிற அதே காலம். ஆடியில் மட்டும் வேண்டாம். ஆடிக் காற்றில் ஒரு வருஷம் மாடியில் முடிச்சை அவிழ்த்தேன். கீழ்வீட்டு அக்கா வடாம் காயப்போட்டிருந்தார்கள். அதற்குமேல் சொல்வதற்கில்லை.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய தலையணையைத் தூக்கி நெருப்பில் போடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. போடாதீர்கள். இலவம்பஞ்சு கப்பென்று பற்றிக்கொள்ளும், எரிகிற பிசிறு பறந்து பக்கத்து வீட்டுக் கொடித் துணியில் உட்காரும். அதே காரணத்துக்காக, பிரிக்கிற அறையில் விளக்கு, கொசுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது.

எடுத்து வைக்க வேண்டியவை

பழைய நாலு முழ வேட்டி இரண்டு. மெலிசாக, ஆனால் கிழியாமல் இருக்க வேண்டும். சின்னக் கத்தரி, நடுத்தர ஊசி, கெட்டியான பருத்தி நூல். மூக்குக்கு மாஸ்க், தலைக்கு ஒரு துண்டு. கொசுவலை ஒன்று. சமையலறைத் தராசு இருந்தால் அதுவும். புது உறை தைப்பதாக இருந்தால் மெத்தைத் துணி. கடையில் மெத்தைத் துணி என்று கேட்டாலே நெருக்கமாக நெய்த, கோடு போட்ட துணியை எடுத்துக் காட்டுவார்கள். சாதாரணத் தலையணை உறைத் துணி உதவாது. நெசவு இடைவெளி வழியாகப் பஞ்சு மெல்ல மெல்ல வெளியே வந்து காலையில் மீசையில் ஒட்டியிருக்கும்.

துணியை வாங்கினதும் ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். பருத்தி சுருங்கும். 17 அங்குலத்துக்கு 27 அங்குலம் என்பது கடையில் கிடைக்கிற வழக்கமான அளவு. தையலுக்குப் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் விடுங்கள்.

ஆஸ்துமா, தூசு ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். மாஸ்க் போட்டாலும் வேண்டாம். வேறு ஆளைச் செய்யச் சொல்லிவிட்டு அன்றைக்கு வெளியே போய்வருவது நல்லது.

பிரிப்பது

முதலில் மின்விசிறியை அணையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அதன் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது உள்ளே வந்து "ஏன் இப்படி வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கே" என்று பாசமாகப் போட்டுவிடுவார்கள். எனக்கு நடந்தது. ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

வேட்டியை இரண்டாக மடித்து மூன்று பக்கம் தைத்து ஒரு பெரிய பை செய்துகொள்ளுங்கள். தலையணையைவிட இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். கட்டி உடைந்த பஞ்சு அவ்வளவு இடம் கேட்கும். இப்போது தலையணையின் ஒரு குட்டைப் பக்கத் தையலைப் பாருங்கள். நான்கு பக்கத்தில் ஒன்றில் மட்டும் கைத்தையல் தெரியும். பஞ்சை அடைத்த வாய் அதுதான், அதைத்தான் பிரிக்க வேண்டும். ஒரு சாண் அளவுக்குப் பிரித்தால் போதும், முழுதாகத் திறக்காதீர்கள்.

பிரித்ததும் உள்ளே கையை விட்டு அள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தலையணையின் வாயையும் வேட்டிப் பையின் வாயையும் ஒன்றோடொன்று சேர்த்து, பெரிய பெரிய ஓட்டுத் தையலாகச் சுற்றிவரத் தைத்துவிடுங்கள். இரண்டு பையும் ஒரே சுரங்கமாக ஆகிவிடும். அப்புறம் தலையணையை வெளியிலிருந்தே பிசைந்து பிசைந்து பஞ்சை இந்தப் பக்கம் தள்ள வேண்டியதுதான். ஒரு இழைகூட வெளியே பறக்காது. எல்லாம் வந்ததும், பையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டே தையலைப் பிரித்து, கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

இதை அம்மா சொல்லித் தரவில்லை. அவர் ஊரில் வேலை நடப்பது விசாலமான கொட்டகையில். பறந்தால் பறக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு அறை ஃபிளாட்டில் அது நடக்காது.

காலியான பழைய உறையை வெளியே கொண்டுபோய் உள்புறமாகத் திருப்பி உதறுங்கள். மூலைகளில் பழுப்பாக மாவு மாதிரி கொட்டும். ஒடிந்த பஞ்சுத் தூள், தோல் செதில், கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சியின் கழிவு எல்லாம் கலந்தது அது. மூக்கு அரித்தது எதனால் என்று அப்போது புரியும்.

கையால் பிய்ப்பது

முக்கியமான வேலை இதுதான், அவசரப்பட்டால் கெட்டுப்போவதும் இதுதான்.

கட்டிலில் கொசுவலையைக் கட்டி, அதற்குள் பையோடு உட்கார்ந்துகொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பறக்கிறது எல்லாம் வலைக்குள்ளேயே நின்றுவிடும். இடது கையில் ஒரு எலுமிச்சம்பழம் அளவு பஞ்சு. வலது கையின் விரல் நுனிகளால் அதை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க வேண்டும். கிழிப்பது மாதிரி வெடுக்கென்று இழுத்தால் இழை ஒடிந்து தூளாகும். சிக்கு விழுந்த முடியில் விரல் விட்டுப் பிரிக்கிற மாதிரி, மெதுவாக, வெளி ஓரத்திலிருந்து உள்ளே. நன்றாகப் பிரிந்த பஞ்சுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பட்டு மாதிரி தெரியும், கையில் எடை இருப்பதே தெரியாது. எலுமிச்சம்பழமாக எடுத்தது தேங்காய் அளவுக்கு உப்பும். அப்படி உப்பாமல் சப்பையாகவே கிடக்கிற பஞ்சுக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம்.

பிய்க்கும்போதே தரம் பிரியுங்கள். நல்லது, இன்னொரு வேட்டியில் இதே மாதிரி தைத்துவைத்த பைக்கு. மஞ்சளாக, பிசுபிசுவென்று, மோந்தால் சிக்கு வாடை அடிக்கிறது எதுவோ அது குப்பைக்கு. தலை படுகிற நடுப்பகுதியில்தான் இது கிடைக்கும். அதை வெயிலில் போட்டுக் காப்பாற்றலாம் என்று நானும் நினைத்தேன். சூடு ஏற ஏற வாடைதான் கூடியது. கறுப்பு, பச்சைப் புள்ளி இருந்தால் பூஞ்சணம். அந்தப் பகுதியை மட்டும் எடுத்தால் போதாது, அதைச் சுற்றி ஒரு கைப்பிடி சேர்த்து எடுத்துவிடுங்கள். பரவலாக இருந்தால் மொத்தப் பஞ்சுமே போகட்டும்.

நடுநடுவே மிளகு மாதிரி கறுப்பாக விதைகள் தட்டுப்படும். எல்லாவற்றையும் பொறுக்குங்கள். விதைக்குள் எண்ணெய் இருக்கிறது, அதன் வாசனைக்கு எலி வரும். நல்ல கடையில் விதை நீக்கித்தான் அடைப்பார்கள், இருந்தாலும் பத்திருபது தப்பி வந்துவிடும். விலை குறைந்த தலையணை ஒன்றில் எங்களுக்கு ஒரு டம்ளர் விதை கிடைத்தது. எடைக்கு எடை பஞ்சு விலை கொடுத்து விதை வாங்கியிருக்கிறோம்.

மூட்டைப்பூச்சி கண்ணில் பட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது தையல் மடிப்பில் ஒளிந்திருக்கும். பஞ்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெளியேற்றுவதுதான் நல்லது. தலையணையை மட்டும் பார்த்துப் பயனில்லை, கட்டிலையும் பார்க்க வேண்டும். அது வேறு கதை.

பஞ்சடிக்கிறவரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பருத்தி மெத்தைக்கு அவர்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் வில்லும் மெஷினும் போட்டு அடிக்கிற அடியை இலவம்பஞ்சின் ஒடிசல் இழை தாங்காது என்பது என் எண்ணம். இதற்கு விரல்தான் சரி.

வெயில்

பிய்த்த பஞ்சு இருக்கிற வேட்டிப் பையை வாய் கட்டியபடியே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். பாதி அளவுக்கு மேல் நிரப்பக்கூடாது. கையால் தட்டிப் பரத்தினால் நாலு விரல் கனத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கனமாக இருந்தால் மேலே காயும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். ஒரு தலையணைப் பஞ்சுக்கு ஒரு பை போதவில்லை என்றால் இன்னொன்று தைத்துக்கொள்ளுங்கள். கொசுவலைத் துணியில் பை தைத்தால் சீக்கிரம் காயுமே என்று முயன்று பார்த்தேன். காற்றில்லாத அறையில் சரி. மாடிக் காற்றில் அதன் கண் வழியாகப் பிசிறு கிளம்பிவிட்டது.

தரையில் நேராகப் போடுவதைவிட நார்க்கட்டிலோ கயிற்றுக்கட்டிலோ இருந்தால் உத்தமம், அடியிலும் காற்றுப் போகும். இல்லாவிட்டால் இரண்டு நாற்காலிக்கு நடுவில் கம்பு வைத்துத் தொங்கவிடலாம். காலை 10 மணிக்குப் போட்டு மணிக்கொரு தடவை திருப்பி, உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். குச்சியால் அடிக்கக் கூடாது.

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் 3 மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். கடற்காற்று ஏறினதும், காய்ந்தது எல்லாம் திரும்ப ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மதுரை, திருச்சி, வேலூர்க்காரர்களுக்கு 4 மணி வரை பயமில்லை. எடுத்ததும் சூட்டோடு சூடாக அடைக்காதீர்கள். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்வது கஷ்டம். சூடான பஞ்சு எப்போதும் காய்ந்த மாதிரிதான் தெரியும். தராசு இருந்தால் வேலை சுலபம். முதல் நாள் போடுவதற்கு முன் பையோடு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் ஆறினதும் ஒரு தடவை, இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு தடவை. முதல் நாள் குறையும். இரண்டாம் நாள் அநேகமாக அதே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. இன்னும் குறைந்துகொண்டே வந்தால் மூன்றாம் நாளும் வெயில் வேண்டும்.

வெயில் தூசுப் பூச்சியை முழுதாக ஒழித்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கு வாழ ஈரம் வேண்டும், காய்ந்த பஞ்சில் அது பெருகாது, அவ்வளவுதான். மூக்கை அரிக்கவைக்கிற கழிவு வெயிலில் மறையாது. அதை உதறித்தான் வெளியேற்ற முடியும். பழைய உறையை உதறச் சொன்னது அதற்குத்தான்.

உறை

நல்ல செய்தி, உறையைத் தாராளமாகத் துவைக்கலாம். எண்ணெய்க் கறை இருக்கிற இடத்தில் முதலில் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பை இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில், சலவை சோடா ஒரு கரண்டி போட்டு ஊறவைத்துத் துவைத்தால் வியர்வை மஞ்சள் பெரும்பாலும் போய்விடும். மெஷினில் 60 டிகிரி வைத்தால் தூசுப் பூச்சிக்கும் அதுவே முடிவு. சாயம் போகிற துணியாக இருந்தால் மட்டும் சூட்டைக் குறையுங்கள்.

துவைத்துக் காய்ந்த உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் கொட்டினால் நெசவு தேய்ந்துவிட்டது, புதிது தைத்துவிடுவது மேல்.

திரும்ப அடைப்பது

அதே சுரங்க வேலைதான், இப்போது திசை மட்டும் எதிர். வேட்டிப் பையின் வாயையும் உறையின் வாயையும் சேர்த்துத் தைத்து, பஞ்சை உறைக்குள் தள்ளுங்கள். ஆரம்பத்திலேயே இரண்டு தூர மூலைகளையும் நிரப்பிவிட வேண்டும். ஒரு கைப்பிடியை எடுத்து மூலையில் திணித்து, வெளியிலிருந்து விரலால் பிடித்துக்கொண்டே அடுத்த மூலைக்குப் போங்கள். மூலையை விட்டுவிட்டு நடுவை நிரப்பினால் அந்தத் தலையணை கடைசிவரை காது தொங்கின நாய்க்குட்டி மாதிரிதான் இருக்கும்.

எவ்வளவு அடைப்பது? 17க்கு 27 உறைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை அடைப்பார்கள். மல்லாந்து படுக்கிறவருக்கு ஒரு கிலோவே உயரம்தான். ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோளின் அகலம் அளவுக்கு வேண்டும், கூட அடையுங்கள். எப்படி இருந்தாலும் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடைக்க வேண்டும், ஒரு மாதத்தில் படிந்துவிடும். முதல் வாரம் கழுத்து கொஞ்சம் முனகும்.

கழித்துப் போட்டதற்கு ஈடாகப் புதுப் பஞ்சு வாங்குவீர்கள். வாங்கும்போது ஒரு சோதனை. ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போடுங்கள். இலவம்பஞ்சு அப்படியே மிதந்துகொண்டிருக்கும். பருத்திக் கழிவு கலந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் நனைந்து கீழே இறங்கக்கூடும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை. மில் கழிவும் நுரைத் தூளும் கலந்து இலவம்பஞ்சு என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தலையணையைத் தூக்கினாலே ஓரளவு தெரியும். பார்வைக்குப் பருமனாக, கைக்கு லேசாக இருக்க வேண்டும்.

வாயை மூடுவதற்கு இரட்டை நூல். துணி ஓரத்தை உள்ளே மடித்து, ஒரு தையலுக்கு ஒரு தையல் பின்னால் வந்து வந்து போடுங்கள். பின் தையல் என்பார்கள். வெறும் ஓட்டுத் தையல் போட்டால், குழந்தைகள் தலையணைச் சண்டை போடுகிற முதல் நாளே வாய் திறக்கும். அப்புறம் அதற்கு மேல் ஜிப் வைத்த ஒரு நெருக்கமான பருத்தி உறை, அதற்கு மேல் வழக்கமான உறை. மேலுறையை வாரம் ஒரு தடவை, ஜிப் உறையை மாதம் ஒரு தடவை துவைத்தால் உள்ளே எண்ணெய் இறங்குவது பாதிக்கு மேல் குறைகிறது. எண்ணெய் தேய்த்த இரவில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்வது எதையும்விடச் சுலபம்.

நனைந்துவிட்டால்

குழந்தை ஈரம் பண்ணிவிட்டது, ஜன்னல் வழியே சாரல் அடித்துவிட்டது, காபி கொட்டிவிட்டது. மணி என்னவானாலும் உடனே எழுந்து உறையைக் கழற்றிவிடுங்கள். காய்ந்த துண்டை வைத்து ஒற்றுங்கள், அமுக்கித் தேய்க்காதீர்கள். பஞ்சு இயல்பாகவே தண்ணீரை ஒதுக்கும் என்பதால் முதல் பத்து நிமிடத்தில் ஈரம் பெரும்பாலும் உறையிலும் அதை ஒட்டின பஞ்சிலும்தான் இருக்கும். காலையில் அந்தப் பக்கத் தையலைப் பிரித்து, நனைந்த கைப்பிடிப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வெயிலில் போட்டால் தலையணை பிழைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் கொட்டி மேலாகச் சுத்தம் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியே நின்ற ஈரத்தை நாமே உள்ளே அனுப்புகிற வேலை அது.

உங்கள் வீட்டில் இருப்பது இறகுத் தலையணையா

குளிர்நாட்டிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த தலையணை சிலர் வீட்டில் இருக்கும். உறையைத் தடவினால் முள் மாதிரி காம்பு குத்தினால் அது வாத்து அல்லது வாத்தினப் பறவையின் இறகு. இதற்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. இறகு தண்ணீரில் வாழ்ந்த பறவையுடையது, குளிக்கத் தெரியும்.

முன்பக்கம் கதவு உள்ள மெஷினாக இருந்தால் இரண்டு தலையணையை ஒன்றாகப் போடுங்கள், ஒன்றை மட்டும் போட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெஷின் குதிக்கும். நடுவில் தண்டு நிற்கிற மெஷினில் போடாதீர்கள், தண்டில் சுற்றிக் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீர், கம்பளிக்குப் போடுகிற திரவ சோப்பு கொஞ்சம். இறகும் நம் தலைமுடி மாதிரி புரதம்தான். கறை நீக்க என்சைம் சேர்த்த சலவைத்தூள் புரதத்தைத் தின்னும், அதை ஒதுக்குங்கள். துணி மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், இறகை ஒட்டவைக்கும். இரண்டு தடவை அலசி, இரண்டு தடவை பிழியவிடுங்கள்.

நனைந்த இறகில் ஈரக் கோழி வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் போய்விடும். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்தோடு போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து உதறிக் கட்டியை உடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். டிரையர் இல்லாவிட்டால் நல்ல வெயில் காலத்தில் மட்டும் இதில் இறங்குங்கள். மூன்று நாள் வெயில் நிச்சயமாக வேண்டும், மணிக்கொரு தடவை கையால் உதறவும் வேண்டும். மழைக்காலத்தில் ஆரம்பித்தால் நடுவில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கடைசியாக ஒன்று. யார் பேச்சையும் கேட்காமல், நான் செய்தது மாதிரி இலவம்பஞ்சை ஏற்கெனவே மெஷினில் போட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்த துணியைப் போடுவதற்கு முன்னால் மெஷினின் அடியில் இருக்கிற வடிகட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் போகாமல் அடைத்து நிற்பது அங்கேதான். ஒரு தட்டை அடியில் வைத்துக்கொண்டு திறந்து, விரலால் முழுக்கத் துடைத்து, துணி எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். எங்கள் மெஷினுக்கு ஐந்து ஓட்டம் ஆயிற்று. அதற்கப்புறமும் நாலு மாதம் என் கறுப்புப் பேண்ட் எல்லாம் வெள்ளைப் பிசிறோடுதான் வெளியே வந்தன.